சாப்பிடாதவர் போட்ட உப்பு

"அங்கே ஏசியில் உட்கார்ந்துக்கிட்டு இங்கே யார் ஆளணும்னு நீ சொல்வியாம். குழாயில் தண்ணி வராம குடத்தோட நிக்கிறது நான்."

தங்கையிடம் போனில் கத்தியதை ஓர் எழுத்து மாறாமல் குருவிடம் திருப்பிச் சொன்னாள் திலகவதி. தெரு முழுக்கக் கேட்டிருக்கும். இருந்தாலும் குருவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

தங்கை மங்கைக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை. பாஸ்போர்ட்டில் இன்னும் ஊர் வீட்டு விலாசம்தான்; அதனால் ஓட்டும் இங்கேதான். நாளை மறுநாள் தேர்தல். ஓட்டுப் போட வருகிறாள். வீட்டில் தங்கலாமா என்று கேட்டிருந்தாள். அதற்கு வந்த பதில்தான் மேலே இருப்பது.

குரு திலகவதியைவிட நான்கு வயது இளையவர். இருந்தாலும், வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சோறு போட அவர் நடத்தும் அன்னசாலையில் எல்லோருக்கும் அவர் அம்மா. அவர் குழம்பில் உப்பைப் போட்டுக் கிளறினார்.

அந்த அன்னசாலையில் ஒரு வழக்கம். பந்தி எழும்வரை சமையல்கட்டில் யாரும் ருசி பார்க்கக் கூடாது. கைதான் கணக்கு. வியாழக்கிழமை அம்மாவுக்கு முழு விரதம். அன்றைக்கு உப்புப் போடுவதும் அவர்தான்.

"வெள்ளம் வந்தப்ப முதல்ல அரிசி மூட்டை அனுப்பினது வெளிநாட்டில் இருக்கிறவங்கதானேக்கா," என்றாள் காய் நறுக்கிக்கொண்டிருந்த புஷ்பவல்லி.

"அனுப்பட்டும். நல்ல மனசு. அரிசி அனுப்பினவங்க எல்லாம் எங்க வீட்டு உலைக்கு நாட்டாமையா?"

"உங்க வீடு அவளுக்கும் அம்மா வீடுதானே?"

"நீ காயை நறுக்கு."

பந்தி முடிந்தது. வந்தவர்கள் எழுந்து போனார்கள். வேலை செய்தவர்கள் உட்கார்ந்தார்கள். அம்மா பரிமாறினார். திலகவதி முதல் கவளத்தை விழுங்கியதும் கேட்டார்.

"உப்பு எப்படி?"

திலகவதிக்குப் பொய் வராது. அதனாலேயே அவளுக்குச் சிநேகிதிகள் குறைவு.

"தூக்கல்."

"போட்டது யாரு?"

"நீங்கதாம்மா."

"நான் இன்னிக்குச் சாப்பிடப் போறதில்லையே. எதுக்கு என்னைப் போடவிட்டீங்க?"

திலகவதி யோசித்தாள். "நீங்க இங்கேயே இருக்கிற மனுஷி. தப்பாப் போட்டா எங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். இதோ, நிக்கிறீங்களே."

"மங்கை?"

"அவ மையைக் காயவெச்சுக்கிட்டே பிளேன் ஏறிடுவா. அஞ்சு வருஷம் முழுங்கப் போறது நாங்க."

"மறுபடி வரமாட்டாளா?"

"ஏன் வராம? ஆடியில் எங்க அம்மா திதிக்கு வருவா. வந்தா என்கூடத்தான் இருப்பா."

"அப்ப உங்க மூஞ்சியைப் பார்ப்பா."

திலகவதி சாதத்தைப் பிசைந்தாள். அது ஏற்கெனவே நன்றாகப் பிசைந்திருந்தது.

புஷ்பவல்லிக்கு இந்த மாதிரிப் பேச்செல்லாம் பொறுக்காது. "நேராவே சொல்லுங்கம்மா. வெளிநாட்டில் இருக்கிறவங்க ஓட்டுப் போடலாமா, கூடாதா?"

"எனக்குத் தெரியலை," என்றார் அம்மா. "உப்பு தூக்கல்னே இவங்க சொல்லித்தான் தெரிஞ்சுது."

"இதுக்குத்தான் இவ்வளவு சுத்தினீங்களா?"

அம்மா குழம்பு வாளியை எடுத்தார். திலகவதி இலையின் மேல் கையை நீட்டித் தடுத்தாள்.

"குழம்பு வேண்டாம். வெறும் சாதம் போடுங்க, சரியாயிடும்."

அம்மா சாதம் வைத்தார். திலகவதி அதையும் சேர்த்துப் பிசைந்தாள். சரியாயிற்றா என்று யாரும் கேட்கவில்லை.

அவள் போன் மினுக்கியது. மங்கையின் குரல் செய்தி. கை எச்சில். புஷ்பவல்லி, அவளைக் கேட்காமலேயே, போனைத் தட்டிச் செய்தியை ஓடவிட்டாள்.

விமான நிலையத்துச் சத்தத்துக்கு நடுவே மங்கை பேசினாள். அழுதிருந்தது குரலில் தெரிந்தது.

"அக்கா, காலையில் இறங்கறேன். நீ யாருக்கு வேணா போடு, நான் கேக்கலை. ஆனா லாட்ஜ்ல தங்கிட்டு நம்ம தெரு லைன்ல போய் நிக்க என்னால் முடியாது. விருந்தாளி மாதிரி இருக்கும்."

புஷ்பவல்லி திலகவதியைப் பார்த்தாள். திலகவதி அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாளியை மூடிக்கொண்டிருந்தார். போனில் மங்கை இன்னும் முடிக்கவில்லை.

"சாவியை மீட்டர் பெட்டி மேல வெச்சிடறியா, அக்கா?"