அஞ்சு நட்சத்திரக் காற்று

பாளையங்கோட்டையில் சங்கரலிங்கம் என்று ஓர் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் இருந்தார். உடுப்பைக் கழற்றியும் அதிகாரத்தைக் கழற்றாதவர். பழைய ஏ.சி. கரண்டைக் குடிக்கிறதென்று புதிது வாங்கக் கிளம்பியவர், சமையல்காரி பேச்சியம்மாவையும் கூட்டிக்கொண்டார்.

"ஏ பேச்சி, நீயே பார்த்துச் சொல்லு. அறை ஜில்லுன்னு இருக்கணும், பில்லும் குறையணும். குறையலைன்னா அடுப்படி ஃபேனைக் கழட்டிருவேன்!"

பேச்சிக்குக் கடையிலேயே வியர்த்தது. ஏ.சி.மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரம் கூடினால் கரண்ட் செலவு குறையும் என்றார் கடைக்காரர். உடனே அவள் ஐந்து நட்சத்திர ஏ.சி.யைக் காட்டினாள்.

இன்ஸ்பெக்டர் முகம் சிவந்தது. "என் தோளுல இருந்ததே மூணு நட்சத்திரம். என் வீட்டுல இது என்னைவிட ஒசந்து நிக்கவா? மூணே போதும்!"

பேச்சி கைகட்டிக்கொண்டு சொன்னாள்: "சரிங்கய்யா. ஆனா அஞ்சு நட்சத்திரம் சுவத்துல நின்னு, மூணு நட்சத்திரத்துக்கு விடிய விடிய விசிறினா, யாருங்கய்யா பெரிய ஆளு?"

இன்ஸ்பெக்டரின் கை மீசைக்குப் போனது. "அந்த அஞ்சையே வண்டியில ஏத்துங்க!"

அடுத்த பில் குறைந்தே வந்தது. பேச்சி அடுப்படியில் நிம்மதியாக மூச்சுவிட்டாள். இன்ஸ்பெக்டரோ ஏ.சி.யை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "எல்லாம் என்மேல உள்ள பயம்!"