பணியாரமும் ஃபிரிட்ஜ் மேல் இடமும்

ஏரிக்கரை ஓரத்து வீடொன்றில் சொக்கி, மிளகு என்று இரண்டு பூனைகள் சொகுசாக வாழ்ந்தன. ஃபிரிட்ஜின் உச்சி எப்போதும் கதகதப்பாக இருக்கும். அதில் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் நெருக்கடிதான்.

ஒருநாள் வீட்டுக்கார டீச்சரம்மா இன்னொரு பூனையைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து இறக்கினாள். அடேயப்பா, என்ன உடம்பு! நடந்தால் வயிறு தரையைத் துடைத்தது. பெயர் பணியாரம்.

பணியாரம் சாப்பிடுவதைப் பார்க்கப் பார்க்கச் சொக்கிக்கு வியப்பு அடங்கவில்லை. தட்டின்மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, தலை நிமிராமல், மீன் சோற்றை மளமளவென்று தீர்த்துவிடுவாள். அப்படி யார்தான் இவளைத் துரத்துகிறார்கள்?

மிளகுக்கு அந்த யோசனையெல்லாம் கிடையாது. அவன் கவலை ஃபிரிட்ஜைப் பற்றியது.

"இவள் இளைத்தால் மேலே ஏறிவிடுவாள். நம் தட்டில் பாதியை இவளிடம் தள்ளிவிடுவோம். தின்றுவிட்டுத் தரையிலேயே கிடக்கட்டும்" என்றான். சொக்கியும் தலையை ஆட்டித் தொலைத்தாள்.

மூன்று நாள் இருவரும் அரை வயிற்றோடு கிடந்தார்கள். பணியாரம் எல்லாவற்றையும் தின்றாள். நாலாம் நாள் அதிசயம் நடந்தது. தன் தட்டிலேயே பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு, வெயிலில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சொக்கியால் பொறுக்க முடியவில்லை. "ஏன் அக்கா, உடம்புக்கு முடியலையா?"

"நான் இருந்த இடத்தில் பதினோரு பூனைக்கு ஒரே தட்டு. தலை நிமிர்ந்தால் சோறு போய்விடும். இங்கே நீங்களே உங்கள் பங்கைத் தள்ளிவிடுகிறீர்கள். என் சோறு எங்கே ஓடிவிடப் போகிறது? உங்கள் சோற்றை இனி நீங்களே சாப்பிடுங்கள், தங்கச்சி."

சொக்கிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று முதல் பணியாரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டாள்.

மாதங்கள் போயின. பணியாரத்தின் வயிறு இப்போது தரையைத் துடைப்பதில்லை. ஒரு காலையில் பணியாரம் நாற்காலிக்குத் தாவி, மேசைக்குத் தாவி, ஃபிரிட்ஜின் உச்சியில் வந்து நின்றாள். மிளகு இடம் விடாமல் காலை நீட்டிக்கொண்டான்.

"நல்லா தள்ளிப் படுடா, அக்கா வந்திருக்காங்க" என்றாள் சொக்கி. மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு படுத்தார்கள். மிளகின் பின்னங்கால்கள் மட்டும் வெளியே தொங்கின.

தன் பங்கைப் பிடுங்க யாருமில்லை என்று மனம் நம்பினால்தான், வயிறு போதும் என்று சொல்லும்.