எந்தப் பக்கத்து நடுக்கம்

முப்பது வருடம் கடலுக்கு ஐந்நூறு அடி மேலே பறந்தவர் ராயப்பன். தூத்துக்குடிக்காரர். புயல் ஓய்ந்ததும், கரை திரும்பாத படகுகளைத் தேடி முதலில் கிளம்புவது அவருடைய விமானம்தான். ஐம்பத்திரண்டாவது வயதில் அவர் மறுபடியும் மாணவரானார்.

புயலுக்கு மேலே போய் அதன் போக்கை அளந்து வர ஓர் ஆராய்ச்சி விமானம் வந்திருந்தது. இறக்கைகள் நீளமாக, மெல்லியதாக இருக்கும். அறுபதாயிரம் அடி உயரத்தில் பறக்கும். அதற்கு விமானி வேண்டும் என்றார்கள். ராயப்பன் விண்ணப்பம் போட்டார்.

"இந்த வயசுல எதுக்கு?" என்று நேர்முகத்தில் கேட்டார்கள்.

"புயலுக்குப் பின்னால போயே காலம் போயிட்டு. ஒரு தடவ முன்னால போகணும்" என்றார்.

அவருக்குக் கற்றுக்கொடுக்க நியமிக்கப்பட்டவர் தெய்வானை. ராயப்பனைவிடப் பதினோரு வயது இளையவர். "மேடம்னு கூப்பிடாதீங்க, காது கூசுது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ராயப்பனுக்கு அவர் டீச்சர்.

அந்த உயரத்தில் காற்று மிகவும் மெலிந்திருக்கும். வேகம் குறைந்தால் இறக்கைக்குப் பிடிமானம் போய்விடும். சரி, வேகமாகவே போகலாம் என்றால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. இறக்கையின் மேல் ஓடும் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால் சிதறத் தொடங்கும். தாழ்வாகப் பறக்கும்போது இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. ஏற ஏற இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வரும். அறுபதாயிரம் அடியில் மிஞ்சுவது மணிக்குப் பத்து மைல் இடைவெளி. எந்த எல்லையைத் தொட்டாலும் விமானம் நடுங்கும். எல்லையைத் தாண்டினால் விமானம் விமானியின் கையில் இருக்காது.

தேர்வு எளிமையானதுதான். அறுபதாயிரம் அடியில் இருபது நிமிடம் உயரம் குறையாமல் நேராகப் பறக்க வேண்டும். மூன்று வாய்ப்புகள் தருவார்கள்.

முதல் தேர்வில் ஏழாவது நிமிடம் நடுக்கம் வந்தது. வேகம் போதவில்லை என்று எண்ணி ராயப்பன் எஞ்சினைக் கூட்டினார். நடுக்கம் இரண்டு மடங்கானது. தெய்வானை விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது தேர்வில் ஐந்தாவது நிமிடம். போன தடவை பட்டது நினைவிருந்ததால் எஞ்சினைக் குறைத்தார். விமானத்தின் மூக்கு குப்புறக் கவிழ்ந்தது. மறுபடியும் தெய்வானைதான் நிமிர்த்தினார்.

"ரெண்டு நடுக்கமும் ஒரே மாதிரி இருக்கு டீச்சர்" என்றார் ராயப்பன், தரையிறங்கியதும். "வேகமானி முள்ளைப் பாத்தா அதுவும் கூடச் சேர்ந்து ஆடுது. எந்தப் பக்கத்து நடுக்கம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"சாப்பிட்டீங்களா?" என்றார் தெய்வானை.

பத்து நாள் ராயப்பன் ஒரு நோட்டில் எழுதினார். இருக்கை அதிர்ந்தால் இது, கால்மிதி அதிர்ந்தால் அது என்று இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதி, கோடு போட்டு, தெய்வானையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். தெய்வானை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார்.

"கையெழுத்து நல்லாருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாவது தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் உடம்பை இறுக்கும் உடையைப் போட்டுக்கொண்டு, தலைக்கவசத்துக்குள் சுத்தமான ஆக்ஸிஜனை மட்டும் சுவாசித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது. இருவரும் எதிரெதிரே சாய்வு நாற்காலிகளில் கிடந்தார்கள். தொழில்நுட்பர் சேகு முகம்மது குழாய்களைச் சரிபார்த்தார்.

"அண்ணாச்சி, மேல மீன் கிடையாது. சும்மா கீழ பாத்துக்கிட்டே இருக்காதீங்க" என்றார் சேகு.

"உனக்கு ரெண்டு சீலா பிடிச்சிட்டு வாரேன், போ" என்றார் ராயப்பன்.

சேகு சிரித்துக்கொண்டே வெளியே போனார். தலைக்கவசத்துக்குள் ராயப்பனின் குரல் தணிந்தது.

"டீச்சர், இன்னிக்காவது சொல்லுங்க. இன்னிக்குப் போச்சுன்னா இந்த சீட்டு வேற ஆளுக்கு."

"நான் ஒண்ணு கேக்குறேன். கடல் மேல போறீங்க. காத்து உங்களைக் கீழ தள்ளுது. என்ன செய்வீங்க?"

"எஞ்சினைக் கூட்டி ஏறுவேன்."

"மழையில கண்ணு தெரியல?"

"ஏறுவேன்."

"எதுவுமே புரியல?"

"அப்பவும் ஏறத்தான் செய்யணும். அஞ்ஞூறு அடியில உயரம்தான டீச்சர் உசிரு? அதை விட்டா தண்ணிதான்."

"முப்பது வருஷமுமா?"

"முப்பது வருஷமும்."

"ம்" என்றார் தெய்வானை. கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று ராயப்பனுக்குச் சந்தேகமாக இருந்தது.

ஏறி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அறுபதாயிரம் அடி. தலைக்கு மேலே வானம் கருநீலம். கீழே தேசத்தின் முனை ஒரு நகம்போல வெளுத்துக் கிடந்தது. இரு பக்கத்துக் கடலும் ஒரே பார்வையில் தெரிந்தன.

"இப்ப மணியைக் குறிச்சுக்கலாமா?" என்றார் ராயப்பன்.

"ஒரு நிமிஷம்."

தெய்வானை கால்பக்கப் பையிலிருந்து ஒட்டுத்தாள் ஒன்றை எடுத்தார். தடித்த கையுறையோடு மெதுவாகக் கையை நீட்டி, ராயப்பனுக்கு முன்னால் இருந்த வேகமானியின் மேல் அதை ஒட்டினார். முள் மறைந்துபோனது.

"டீச்சர்."

"உங்களுக்குத்தான் மூடியிருக்கேன். என் பக்கம் திறந்துதான் இருக்கு. பயப்படாதீங்க. இப்ப குறிச்சுக்குங்க."

ராயப்பன் தலையைத் திருப்பப் பார்த்தார். கவசம் அவ்வளவு தூரம் திரும்பவில்லை.

பன்னிரண்டு நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. பார்த்துப் பயப்பட முள் இல்லாததால் கை தளர்ந்து, விமானத்தின் போக்கிலேயே இருந்தது. பரவாயில்லையே என்று அவர் நினைத்தபோது நடுக்கம் வந்தது.

இருக்கைக்கு அடியில் யாரோ கூழாங்கல்லைக் கொட்டியதுபோல முதலில் மெதுவாக. பிறகு தோள் வரைக்கும்.

இடது கை தானாக எஞ்சின் கைப்பிடிக்குப் போனது. கூட்டுவதா, குறைப்பதா? அவர் இருக்கையைக் கவனித்தார். கால்மிதியைக் கவனித்தார். நோட்டில் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதியதெல்லாம் இப்போது ஒரே நேரத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. கடைக்கண்ணில் தெரிந்த தெய்வானையின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

தெரியவில்லை. தெரியப்போவதும் இல்லை.

ராயப்பன் கீழே பார்த்தார். தண்ணீர் ஐந்நூறு அடியில் இல்லை. அவருக்கும் தண்ணீருக்கும் நடுவே அறுபதாயிரம் அடிக்குக் காற்று இருந்தது. கீழே போகப் போக அது கெட்டியான, நல்ல காற்று.

எஞ்சினை ஒரு மயிரிழை தணித்தார். மூக்கை ஒரு மயிரிழை தாழ்த்தினார். உயரம் காட்டும் எண்கள் குறையத் தொடங்கின. நூறு. இருநூறு. முப்பது வருடமாக எதைப் பார்த்தால் அவருடைய கை எஞ்சினைக் கூட்டுமோ, அதைப் பார்த்துக்கொண்டே கையை அசைக்காமல் வைத்திருந்தார். எழுநூறு. ஆயிரம்.

கூழாங்கற்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

விமானம் வழுவழுவென்று போனது. ராயப்பன் மூச்சு விட்டார். அது தலைக்கவசத்துக்குள் அவருக்கே பெரிதாகக் கேட்டது. மீதி நிமிடங்களை அந்தக் குறைந்த உயரத்திலேயே பறந்து முடித்தார். தேர்வில் தோற்றாயிற்று என்று தெரிந்தும், ஏனோ பசித்தது. உணவுக் குழாயைக் கவசத்தின் துளையில் செருகித் தக்காளி சாதத்தை உறிஞ்சினார். நன்றாகவே இருந்தது.

தரையிறங்கியதும் சேகு ஓடிவந்து தலைக்கவசங்களைக் கழற்றினார். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தெய்வானை தேர்வுத் தாளை முழங்காலில் வைத்து எழுதினார். 'அறுபதாயிரம் அடி காக்கப்பட்டதா' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதுவதை ராயப்பன் பார்த்தார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, தாளை அவரிடம் நீட்டினார்.

"வியாழக்கிழமை காலையில வந்துடுங்க. வங்காள விரிகுடாவுல ஒண்ணு உருவாகுது. நீங்கதான் போறீங்க."

"நீங்க?"

"எனக்கு லீவு."

ராயப்பன் தாளைப் படித்தார். கையெழுத்துக்கு மேலே 'தேர்ச்சி' என்று இருந்தது. இன்னொரு தடவை படித்தார். மடித்தார்.

"உயரத்தை விட்டுட்டேனே டீச்சர்."

"விட்டீங்க."

அவர் ஏணியில் இரண்டு படி இறங்கிவிட்டு நின்றார்.

"உங்க முள்ளு திறந்துதான இருந்துச்சு. இப்பவாவது சொல்லுங்க. அது எந்தப் பக்கத்து நடுக்கம்?"

தெய்வானை கையுறையைக் கழற்றி, வெகுநேரமாக அரித்துக்கொண்டிருந்த மூக்கை நிதானமாகச் சொறிந்துகொண்டார்.

"இறங்கினா நிக்கிற நடுக்கம்."