ஒரு கன், இரண்டு கைகள்

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

பாக்கியத்தாய் மதுரையில் பதினோரு வருடமாக ஒப்பந்த நர்ஸ். நிரந்தர வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்கு அவளைத் திருநெல்வேலிக்கு அழைத்திருந்தார்கள். நாலு மணிக்குள் ஆஜராகாவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். காலை டியூட்டியிலிருந்து விடுபடவே பதினொன்றரை ஆகிவிட்டது. அக்காவின் மின்சாரக் காரை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

கயத்தாறை நெருங்கும்போது மணி இரண்டு, பேட்டரி ஏழு சதவீதம். சாலையோர ஓட்டலின் பக்கவாட்டில் ஒரு வேகச் சார்ஜிங் நிலையம் இருந்தது. இரண்டு இயந்திரங்களில் ஒன்று பழுதாகிச் சாக்கு போர்த்தி நின்றது. மற்றதன் கன்னை, அதாவது சார்ஜ் ஏற்றும் கைப்பிடியை, எடுத்து அவள் வண்டியில் செருகும்போது, பின்னாலேயே ஒரு பழைய கார் வந்தது. இறங்கியவன் பெயர் சேர்மத்துரை.

"அக்கா, உங்களுக்கு அடுத்து நான். வீட்டுக்காரி மாசமா இருக்கா, தல சுத்துதுங்கா. நிழல்ல நிறுத்திட்டு உள்ள கூட்டிட்டுப் போறேன். பாத்துக்கிடுங்க."

அவள் தலையாட்டினாள். அவன் காரைத் தூரத்து வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி ஓட்டலுக்குள் போனான்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அணைந்தது. வழி நெடுக மேப் ஓடியதில் உயிர் போயிருந்தது; கேபிளோ வீட்டு மேசையில். இந்தப் பயணத்துக்காக அந்த வண்டிக்கு அவள் தன் எண்ணையே பதிந்திருந்தாள்; அதற்கு வரும் ஓ.டி.பி.யைத் தட்டாமல் அந்த இயந்திரம் மின்சாரம் விடாது. ஓட்டல் கல்லாவில் கேட்டாள். சேர்மத்துரையும் தன் சார்ஜரை எடுத்துக் கொடுத்தான். எந்தப் பின்னும் அவளுடைய பழைய போனில் நுழையவில்லை.

திரும்பி வந்தபோது ஒரு பெரிய புதுக் கார் நின்றிருந்தது. உள்ளே தெய்வநாயகம், கட்டட ஒப்பந்ததாரர். அவரிடம் மூன்று வகைப் பின்னும் உள்ள கேபிள் இருந்தது.

"தர்றேன். ஆனா நீ எடுத்ததும் கன் என் கைக்கு வரணும். சம்மதமா?"

"சார், எனக்கு அடுத்து ஒருத்தர்..."

"இங்க யாரையும் காணோமே. சம்மதம்னா சொல்லு, இல்லன்னா கேபிளை உள்ள வச்சிட்டு ஏசியப் போட்டு உக்காந்துக்கிடுவேன். எனக்கு அவசரம் இல்ல. உனக்குத்தான் மூஞ்சி வெளிறிக் கெடக்கு."

மணி இரண்டு இருபது. "சரி சார்" என்றாள்.

அவருடைய சார்ஜர் பெரிய வேகக்காரன். ஆனால் அவள் போன் அந்த வேகத்தைத் தாங்கும் ரகமில்லை. அது கண் திறக்கவே பத்து நிமிடம் ஆனது. அதுவரை அவர் கண்ணாடியை இறக்கி இறக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்: "என்னம்மா, செத்துப்போச்சா?"

இரண்டு ஐம்பத்தைந்துக்கு முப்பத்தெட்டு சதவீதம் ஏறியிருந்தது. திருநெல்வேலிக்கு அது போதும். அவள் கன்னைக் கழற்றினாள். ஒரு பக்கமிருந்து தெய்வநாயகம் கை நீட்டினார். ஓட்டல் வாசலிலிருந்து ஓடி வந்த சேர்மத்துரை மறுபக்கமிருந்து நீட்டினான்.

"அடுத்தது நான் சார்."

"நீ எப்ப வந்தன்னு எவனுக்குத் தெரியும்? வண்டி எங்கேயோ மரத்தடியில கெடக்கு. இந்தம்மா எனக்கு வாக்குக் குடுத்திருக்கு, கேளு!"

சேர்மத்துரை அவளைப் பார்த்தான். "அக்கா, உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்?"

அவள் போனில் மணி பார்த்தாள்.

"என் வண்டி வேகமா இழுக்கும், இருபது நிமிஷத்துல போயிருவேன்" என்றார் தெய்வநாயகம். "உன் ஓட்ட வண்டி அதுல பாதி கூடத் தாங்காது, ஒரு மணி நேரம் குடிக்கும். உனக்காக நான் ஒரு மணி நேரம் வேகணுமா?"

"இத முதல்லயே என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"உன்கிட்ட எனக்கு என்னல கேள்வி?"

தெய்வநாயகம் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ள, சேர்மத்துரை அவர் சட்டையைப் பிடித்தான். ஓட்டல் வாசலில் அவன் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பாக்கியத்தாய் ஒருவருக்குத் தலையாட்டியிருக்கிறாள், இன்னொருவருக்குச் சரி என்றிருக்கிறாள். இங்கே நின்றால் பதினோரு வருடம் போச்சு. கன்னை இயந்திரத்தின் கொக்கியிலேயே மாட்டினாள். "உங்க ரெண்டு பேரு பாடு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

"திருட்டுக் கழுத! காரியம் முடிஞ்சதும் ஓடுறா பாரு!" என்றார் தெய்வநாயகம். சேர்மத்துரை அவளை ஏசவில்லை. அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வாக்கையும் நேரக் கணக்கையும் காட்டிக் கன்னைக் கேட்டார் ஒருவர். வந்த வரிசையைச் சொல்லிக் கேட்டான் இன்னொருவன். யாருக்கும் கொடுக்காமல் மாட்டிவிட்டுப் போனாள் அவள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சேர்மத்துரை கேட்டதே சரி. அவனுடைய முறையை இன்னொருவருக்குத் தருவதாகப் பாக்கியத்தாய் வாக்குக் கொடுக்க முடியாது. அது அவள் கையில் இருந்த பொருளே இல்லை. தெய்வநாயகத்தின் இருபது நிமிடக் கணக்கு தப்பில்லை. ஆனால் அதை அவர் சொல்லிக் கேட்க வேண்டியது முறைக்கு உரியவனிடம். பாக்கியத்தாய் நடுநிலையாக நடந்துகொண்டாள் என்று பலர் சொல்வார்கள். ஆனால் அங்கே யார் முதலில் வந்தது என்று அறிந்த ஒரே சாட்சி அவள்தான். "இவர்தான் முன்னால் வந்தார், உங்களிடம் நான் தவறாக ஒப்புக்கொண்டேன்" என்று சொல்ல அரை நிமிடம் கூட ஆகியிருக்காது. மூன்று நாற்பத்தைந்துக்கு அவள் திருநெல்வேலி போய்ச் சேர்ந்தாள், வேலையும் கிடைத்தது. அன்று அந்த வெயிலில் முதலில் சார்ஜ் ஏற்றியது யார் என்பது மட்டும் அவளுக்கு இன்றுவரை தெரியாது.