வெல்டிங் மேசையின் பதினோராவது வரைபடம்

ராணிப்பேட்டையில் கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருந்தவள் ரெபேக்கா. வயது முப்பத்தெட்டு. அவளிடம் வெல்டிங் கற்றுக்கொள்ள வந்தவர் தணிகாசலம். அரசு அலுவலகத்தில் வரைபடம் போட்டே ஓய்வு பெற்றவர். அவளைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர் என்றாலும் "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

பற்றவைப்பது ஓரளவு கைக்கு வந்துவிட்டது. இனி வீட்டுக் கார் ஷெட்டிலேயே சின்னதாகப் பட்டறை போட வேண்டும் என்றார். அதற்கு ஒரு மேசை வேண்டும். செலவு அதிகம் ஆகக் கூடாது, எல்லா வேலைக்கும் உதவவும் வேண்டும். நான்கு மாதமாக அந்த மேசையை வரைந்துகொண்டிருந்தார்.

அன்று பதினோராவது வரைபடத்தோடு வந்தார்.

"மாஸ்டர், மேல் தகடு எட்டு மில்லி கனமா, பத்து மில்லியா?"

ரெபேக்கா முகமூடியைத் தூக்கினாள்.

"போன வாரமே சொன்னேன் சார். எட்டு போதும். பழைய இரும்புக் கடையில கிடைக்கும்."

"சக்கரம் வெச்சா ஆடுமே?"

"வைக்காதீங்க."

"வைக்கலேன்னா நகர்த்த முடியாதே. உயரத்தை ஏத்தி இறக்கற மாதிரி பண்ணியிருக்கேன். பக்கத்துல மடக்கற பலகை. அடியில கிரைண்டருக்கு..."

"சார்." அவள் கையுறைகளைக் கழற்றி வைத்தாள். "இந்த மேசையில முதல்ல என்ன செய்யப் போறீங்க?"

"குளியலறைக்கு ஒரு கைப்பிடி. வீட்டுக்காரிக்குப் பக்கவாதம் வந்ததுல இடது கால் சரியா ஊன்ற முடியல. பிடிச்சுக்கிட்டு எழுந்திரிக்க."

"இப்ப எதைப் பிடிச்சு எழுந்திரிக்கறாங்க?"

"தண்ணிக் குழாயை."

"அது தாங்குதா?"

தணிகாசலம் வரைபடத்தைச் சுருட்டினார். மறுபடி பிரித்தார்.

"ஞாயித்துக்கிழமை கையோட வந்துடுச்சு. விழுந்துட்டா. நெத்தியில நாலு தையல்."

ரெபேக்கா உள்ளே போய் ஒரு குழாய்த் துண்டும் இரண்டு சின்னத் தகடுகளும் எடுத்துவந்து தரையில் போட்டாள்.

"பத்தவைங்க."

"தரையிலயா? உங்க மேசை மேல வெச்சு..."

"என் மேசைப் பக்கம் வராதீங்க."

அவர் சப்பணமிட்டு உட்கார்ந்தார். குழாய் உருண்டது. செருப்புக் காலால் அணைத்துப் பிடித்தார். முதல் தகடு கோணலாக உட்கார்ந்தது. அவள் இரும்பு அறுக்கும் கிரைண்டரை நீட்டினாள். அறுத்துவிட்டு மறுபடி வைத்தார். அதுவும் சரியில்லை. மூன்றாம் முறை நேராக நின்றது.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. தழும்பு தழும்பாக இருந்தாலும் கைப்பிடி முடிந்திருந்தது. ரெபேக்கா அதை இரண்டு கற்களின்மேல் வைத்து ஏறி நின்றாள். அசையவில்லை.

"எங்க வலிக்குது?"

"இடுப்பு."

"குனியாம நின்னு செய்ய எந்த உயரம் வேணுமோ, மேசைக்கு அந்த உயரத்துல நாலு கால். வேற என்ன தொந்தரவு?"

"குழாய் உருண்டுது."

"தகட்டோரத்துல உருளாம தடுக்க எல் வடிவ ஆங்கிள் துண்டு ஒண்ணு. வேற?"

அவர் யோசித்தார். "வேற ஒண்ணும் இல்ல."

"அப்ப வேற ஒண்ணும் வேண்டாம்."

"நாளைக்கு வேற மாதிரி வேலை வந்தா, மாஸ்டர்?"

"எது பத்தலைன்னு அந்த வேலையே சொல்லும். அன்னைக்கு அதைச் சேர்த்துப் பத்தவைங்க."

தணிகாசலம் பேனாவை எடுத்து வரைபடத்தின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டார். ஏதோ உறுத்தியது.

"அப்படிப் பார்த்தா மேசை எப்பத்தான் முடியும்?"

ரெபேக்கா கைப்பிடியைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது.

"வீட்ல சுவர்ல துளை போட ட்ரில் இருக்கா?"

"இருக்கு."

"அப்பறம் ஏன் சார் இன்னும் இங்க உக்காந்திருக்கீங்க?"