வைக்கோல் அறைக்குப் போன ஒயர்

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சிறு மடம். அதை நடத்தியவர் மரகதம்மா. வயது நாற்பத்து மூன்று. அவருடைய சீடர் திருமூர்த்திக்கு அறுபத்து நான்கு. டெலிபோன் இலாகாவில் முப்பது வருடம் கம்பி இழுத்தவர். எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்காமல் அவரால் இருக்க முடியாது.

மடத்துக்குப் பின்னால் நூறு அடி தள்ளி ஒரு கல் அறை. முன்பு வைக்கோல் போட்டு வைத்த இடம். இப்போது அங்கே லாரி ஓட்டுநர் செங்கோடன் படுத்திருந்தார். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர், கவனிக்க ஆளில்லாதவர். மடத்துக்குள் போக பதினொரு படி ஏற வேண்டும் என்பதால் அந்த அறையைக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு நாள் மஸ்கட்டிலிருந்து அவர் மகள் சுகந்தி, மடத்து போனுக்குச் செய்தி அனுப்பினாள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் அழைப்பாளாம். அப்பா முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம்.

ஏழு வருடமாக அவள் அவரோடு பேசவில்லை. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, லோடு இறக்கிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய செங்கோடன், எல்லாம் முடிந்து மூன்றாம் நாள்தான் திரும்பினார்.

அடிவாரத்தில் டவர் எடுக்காது. மடத்து வைஃபையும் கல் அறையை எட்டவில்லை. திருமூர்த்தி நாமக்கல் போய் வைஃபையை வாங்கித் தூரத்துக்கு அனுப்பும் எக்ஸ்டெண்டர் பெட்டி ஒன்று வாங்கி வந்து, செங்கோடன் கட்டிலுக்குப் பக்கத்தில் செருகினார்.

"நாலு கோடும் ஃபுல்லுங்கம்மா!"

மரகதம்மா போனில் ஒரு வீடியோவைத் திறந்தார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

திருமூர்த்தி பெட்டியைக் கழற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு கோடு காட்டுது. அப்புறம் ஏன் வரமாட்டேங்குது?"

"இந்தப் பெட்டி எங்கிருந்து கேக்குது ஐயா?"

"மடத்து ரூட்டர்ல இருந்துங்க."

"இந்தச் சுவர் வழியாவா?"

அவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். இரண்டடி கனம். "ஆமால்ல. போனுக்குக் கேக்காதது இதுக்கும் கேக்கலைங்க."

"ஆனா நம்மகிட்ட மட்டும் சத்தமா சொல்லுது" என்றார் மரகதம்மா.

பெட்டியின் அடியில் ஒயர் செருக ஒரு துளை இருந்தது. மறுநாள் இருவரும் மடத்திலிருந்து கல் அறை வரை பள்ளம் வெட்ட மண்வெட்டி எடுத்தார்கள். முருங்கை வேர் குறுக்கிட்ட இடத்தில் கொஞ்சம் வளைத்து வெட்டினார்கள். பிளாஸ்டிக் குழாய் புதைத்து, அதற்குள் ஒயரை இழுத்தார் திருமூர்த்தி. பெட்டியை ஜன்னல் மேடையில் வைத்துச் செருகினார். விளக்கு எரியவில்லை.

"பழைய டெலிபோன் கை. ரெண்டு இழையை மாத்திட்டேன்" என்று முனையை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்டினார். பச்சை விளக்கு துடித்தது. வீடியோ நிற்காமல் ஓடியது.

சனிக்கிழமை காலை திருமூர்த்தியின் சட்டைப் பையில் ஒரு தாள் நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னது ஐயா?"

"செங்கோடனுக்கு எழுதினதுங்க. மகள்கிட்ட மன்னிப்பு கேக்கற மாதிரி. அவருக்கு இப்படியெல்லாம் பேச வராதுல்ல."

"அவர் எழுதித் தரச் சொன்னாரா?"

"இல்லைங்க. நானாத்தான்."

மரகதம்மா போனை எடுத்துக்கொண்டு கல் அறைக்கு நடந்தார்.

பதினொன்றாகச் சில நிமிடம் இருக்கும்போது, செங்கோடனுக்கு முகம் துடைத்துவிட்டு, போனை ஒரு சொம்பின் மேல் சாய்த்து வைத்தார்கள். மணி அடித்தது. அவரே விரலால் தொட்டார். இருவரும் வெளியே வந்து ஜன்னலோரம் நின்றார்கள்.

"அப்பா..." என்றது ஒரு குரல்.

அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஒரு நிமிடம் போயிற்று. இன்னொன்று. திருமூர்த்திக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மறுபடி இழை எதுவும் விட்டுப் போச்சோ? லைன் கட்டாயிடுச்சுங்கம்மா!" தாளை உருவிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார். "ஏதாவது எடுத்துக் கொடுத்துட்டு வந்துடறேன்."

மரகதம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். ஜன்னல் மேடையைக் காட்டினார். பச்சை விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

"கட்டாகல ஐயா" என்றார் மெதுவாக. "பேசிட்டிருக்காங்க."