டாஸ்க்பாருக்கு அடியில் ஒரு பெயர்

"அம்மா, மூணு கம்ப்யூட்டருக்கும் ஒரே சட்டம் போட்டுக் குடுங்க" என்று வந்து நின்றார் ஏகாம்பரம்.

அங்கையற்கண்ணி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வெள்ளைக் கரட்டு மடத்துக்கு அவர்தான் தலைவி. வயது முப்பத்தொன்று.

ஏகாம்பரத்துக்கு ஐம்பத்தொன்பது. ஊர் ஊராக நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். சீடர் குருவைவிட மூத்தவராக இருப்பதில் அந்த மடத்தில் யாருக்கும் கூச்சமில்லை. ஏகாம்பரத்துக்கு மட்டும் முதல் வாரம் கொஞ்சம் இருந்தது.

"என்ன ஆச்சுங்க ஐயா?" என்றார் அம்மா.

ஆனது இதுதான். மடத்தில் தினமும் மத்தியானச் சாப்பாடு உண்டு. வருகிறவர்கள் வாசலில் பெயர் கொடுப்பார்கள். பெயர்கள் மூன்று கூடங்களிலும் உள்ள திரைகளில் வந்து நிற்கும். பரிமாறுகிறவர்கள் திரையைப் பார்த்துப் பந்திக்குக் கூப்பிடுவார்கள். ஒரு பந்திக்கு ஒரு பக்கம்.

இதற்கான ஸ்கிரிப்டை, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை, எழுதியவர் ஏகாம்பரம். கம்ப்யூட்டரைப் போட்டதும் பட்டியல் தானாகத் திறந்து திரை முழுக்க விரியும். திரையின் உயரம் ஆயிரத்து எண்பது புள்ளி. பட்டியலுக்கும் அதே உயரத்தைக் கொடுத்திருந்தார். அளவில் ஒரு புள்ளி பிசகில்லை.

ஆனால் திரையின் அடியில் டாஸ்க்பார் என்று ஒரு பட்டை நிற்கிறது. அது யாருக்கும் வழிவிடுகிற ரகமில்லை. பட்டியலின் கடைசி வரி அதற்கு அடியில் போய் மறைந்துகொண்டது. கூட்டம் குறைந்த நாட்களில் பட்டியல் அவ்வளவு தூரம் இறங்காததால் யாரும் கவனிக்கவில்லை.

கடைசி வரி என்றால் ஓர் ஆள். போன செவ்வாய்க்கிழமை அந்த ஆள் சடையாண்டி என்ற பெரியவர். கூப்பிடுவார்கள் என்று மூன்று பந்தி காத்திருந்தார். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். மறுநாள் அந்த பஸ் கண்டக்டர் வந்து சொன்ன பிறகுதான் மடத்துக்கே தெரிந்தது.

அன்றிலிருந்து ஏகாம்பரம் பந்தியில் உட்காரவில்லை. ஒருத்தர்கூட விட்டுப்போகாமல் சாப்பிட்ட பிறகுதான் எனக்கு இலை என்று சொல்லிவிட்டு, அவலும் மோருமாகத் திரிந்தார். நாளைக்குக் குருபூஜை. மூன்று கூடமும் நிரம்பி வழியும்.

"அடியில நாப்பது புள்ளி கழிச்சேன்மா. முதல் கூடத்துல சரியாப் போச்சு. ரெண்டாவது கூடத்துல கண்ணு தெரியலைன்னு எழுத்தைப் பெருசு பண்ணி வெச்சிருக்காங்க, அங்க பட்டையும் தடியா இருக்கு. மூணாவதுல பரிமாறுற பவுனம்மா பட்டையை இடது பக்கம் தூக்கி வெச்சிருக்குது. அடியில வெச்சா சாம்பார் தெறிக்குதாம்."

"சரி."

"மூணுக்கும் மூணு கணக்கு எழுதினேன். இன்னிக்குக் காலையில பவுனம்மா பட்டையை மேல ஏத்திருச்சு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"எல்லாரும் பட்டையை அடியிலயே, ஒரே தடிமன்ல வெச்சுக்கணும்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா."

"சொல்லிடலாம்" என்றார் அம்மா.

ஏகாம்பரத்துக்கு உயிர் வந்தது.

"அதுக்கு முன்னால ஒரு வேலை. வாசல்ல ஒரு குடும்பம் நிக்குது. நாலு பேரு. ரொம்ப தூரம் நடந்து வந்திருக்காங்க. ரெண்டாவது கூடத்துல நாலு பேரையும் ஒண்ணா உட்கார வெச்சுட்டு வாங்க."

ஏகாம்பரம் போனார். கூடத்து வாசலில் நின்றபடியே கண்ணால் அளந்தார். ஒரு வரிசைக்கு இருபத்து நாலு இடம். உட்கார்ந்திருப்பவர்கள் பதினேழு. மிச்சம் ஏழு. நாலு பேரையும் அழைத்து வந்துவிட்டார்.

கிட்டே போய்ப் பார்த்தால் ஓர் இடத்தில் துண்டு கிடந்தது. ஒன்றில் வயர் கூடை. இன்னொன்றில் தண்ணீர் பாட்டில். மிச்சம் நாலும் ஒன்றாக இல்லை. நம் ஊரில் துண்டு கிடந்தால் அங்கே ஆள் இருப்பதாகத்தான் அர்த்தம். எந்த நில அளவைத் துறை வந்தாலும் அதை மாற்ற முடியாது.

நாலு பேரையும் நிற்க வைத்துவிட்டு ஏகாம்பரம் திரும்பி வந்தார். ஏழு இடம் இருந்தும் நாலு பேரை உட்கார வைக்க முடியவில்லை என்றார்.

"ஏழுன்னு யாரு சொன்னா?"

"நானே எண்ணினேன்."

"உட்கார்ந்திருக்கறவங்க என்ன சொன்னாங்க?"

ஏகாம்பரம் விழித்தார். "அவங்ககிட்ட நான் ஒண்ணும் கேக்கலையே."

அம்மா மறுபடியும் கீரையைக் கையில் எடுத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஏகாம்பரம் கூடத்துக்குப் போனார். வரிசையின் நடுவில் இருந்த ஓர் அம்மாளிடம் குனிந்து கேட்டார். "இங்க ஆளு வருதுங்களா?"

"துண்டுக்கு வருதுங்க. கூடை எங்களுதுதான், எடுத்துக்கறோம். தூண் வரைக்கும் காலிதான்" என்றார் அந்த அம்மாள். பக்கத்தில் இருந்தவர்கள் தாங்களாகவே கொஞ்சம் நகர்ந்து கொடுத்தார்கள். நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

ஏகாம்பரம் மட்டும் அங்கேயே நின்றார். சாம்பார் வாளியோடு வந்தவர் நகரச் சொன்னார். நகரவில்லை. இன்னொரு தரம் சொன்னார். ஏகாம்பரம் திடீரென்று சத்தமாகச் சிரித்தார். பந்தியே திரும்பிப் பார்த்தது.

பிறகு அவர் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக் கூடாது.

கையேட்டைப் பிரித்தார். இத்தனை நாளும் அவர் திரையிடம் கேட்டது ஒரே கேள்வி: உன் உயரம் எவ்வளவு? திரை உண்மையைச் சொல்லியிருந்தது. கழித்தலை அவரே போட்டுக்கொண்டார்.

அடுத்த பக்கத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. இப்போது எனக்கு எங்கிருந்து எங்கே வரை இடம் இருக்கிறது? பட்டை எந்தப் பக்கம் நின்றாலும், எவ்வளவு தடியாக இருந்தாலும், அதற்குக் கம்ப்யூட்டர் பதில் வைத்திருந்தது. இதுவரை யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

நாற்பதையும் மற்ற கணக்குகளையும் ஏகாம்பரம் ஒவ்வொன்றாக அழித்தார். மிஞ்சியது நாலு வரி. அதில் ஒரு வரி, பட்டை நகர்ந்தால் மறுபடியும் கேள் என்றது.

சாயங்காலம் அம்மாவிடம் போய்ச் சட்டம் வேண்டாம் என்றார்.

"எந்தச் சட்டம்?" என்றார் அம்மா.

குருபூஜை அன்று கூட்டம் நெரிந்தது. விஷயம் தெரிந்த பவுனம்மா சும்மா இருப்பாரா? பட்டையை வலது பக்கம் இழுத்தார். பட்டியல் தன்னை ஒடுக்கிக்கொண்டு இடது பக்கம் நின்றது. மேலே ஏற்றினார். பட்டியல் கீழே இறங்கியது. "மனுசங்களை விட இதுக்கு மருவாதி தெரியுதே" என்று அவர் ரசித்துக்கொண்டே இருந்ததில் சோற்று வாளி ஐந்து நிமிஷம் காத்திருந்தது.

ஏகாம்பரம் ஒவ்வொரு கூடமாகப் போய்ப் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு பந்தியிலும் கடைசிப் பெயர் தெரிந்தது. கூப்பிட்டார்கள். ஆள் வந்தது. முப்பது வருஷம் நிலம் அளந்தபோதுகூட அவருக்கு இவ்வளவு சந்தோஷம் கிடைத்ததில்லை.

மூன்றாவது கூடத்தில் கடைசிப் பந்தி. பவுனம்மா மேலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தார். கடைசி வரிக்கு வந்ததும் குரலை உயர்த்தினார்.

"ஏகாம்பரம்!"

அவர் வாசலில் பெயர் கொடுக்கவே இல்லை. எட்டிப் பார்த்தார். பெயர் பதிகிற நாற்காலியில் அங்கையற்கண்ணி அம்மா உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"பேரு தெரியுது, இலை போட்டாச்சு" என்றார் பவுனம்மா. "உட்காருங்க."